யார் பேரில் பாலிசி?

தட்டில் இட்லியை வைத்துவிட்டுத் தபீதாள் நகரவில்லை. கணவனின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இட்லியைப் பிய்க்கிறபோது விரல் நடுங்குகிறதா? சட்னியைத் தொடுகிறபோது?

சத்தியநாதன் நிமிர்ந்தான்.

"இன்னா அப்டி பாக்கறே? கையில இன்னா சினிமாவா ஓடுது?"

கேலியாகத்தான் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் சேலையூரில் நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. சோற்றுத் தூக்கோடு அவள் போய் நின்ற அதே நேரத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் அவன் கண் இருட்டிச் சரிந்தான். இடுப்புக் கயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. தலையும் கையும் தொங்க, கொடியில் போட்ட ஈரத் துணி மாதிரி அவன் ஆடிக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே விழித்து, கிளையைப் பற்றி, மெள்ள இறங்கி வந்தான். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "யாருகிட்டயும் மூச்சு வுடாதே. சுந்தரு கிட்டகூட."

அவள் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சுந்தர்சிங் அவளுடைய தம்பி. அம்மா போனபிறகு தபீதாள்தான் அவனை வளர்த்தாள். இருபத்தைந்து வயதாகியும் அவனுக்கு வேறு தொழில் அமையாமல், மச்சானோடு மரம் வெட்டப் போகிறேன் என்று நின்றபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கீழே நின்று கயிறு பிடிக்கிற வேலை மட்டும்தான். மேலே ஏறக் கூடாது. சத்தியநாதன் பைபிளின் மேல் கைவைத்து ஒப்புக்கொண்டான். சேலையூரில் மச்சான் சரிந்த நேரத்தில் சுந்தர்சிங் டீ வாங்கப் போயிருந்ததால் அவனுக்கு எதுவும் தெரியாது.

"அக்கா, ஏஜென்ட் சார் வந்துட்டாரு!" என்று வாசலிலிருந்து சுந்தர்சிங் குரல் கொடுத்தான்.

ஸ்ரீநிவாசராகவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றபின் இன்ஷ்யூரன்ஸ் ஏஜென்ட் ஆனவர். தாம்பரத்திலிருந்து பீர்க்கன்கரணை ஏரிக்கரை வரை அந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

அவர் வந்த காரணம் இதுதான். தாம்பரம் கிழக்கே இருந்த மிஷன் பெண்கள் விடுதியில் எங்கே பார்த்தாலும் பெரிய பெரிய மரங்கள். நவம்பர் புயலில் பாதி முறிந்து தொங்கின. வருஷம் முழுக்க அவற்றின் கிளைகளைக் கழித்துக் கொடுக்க ஒரே ஆளிடம் காண்ட்ராக்ட் தருவதாக விடுதிக் கமிட்டி சொல்லியிருந்தது. அந்த வேலை கிடைத்துவிட்டால் மழைக்காலத்தில் வேலை தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டாம்.

ஆனால் புயலுக்கு மறுவாரம் பக்கத்து வளாகம் ஒன்றில் கிளை வெட்ட ஏறிய கூலியாள் விழுந்து செத்துப்போனான். அவன் மனைவி பிணத்தைக் கேட்டின் எதிரில் கிடத்திக்கொண்டு பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. யார் கொடுக்க வேண்டும் என்றே யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பயந்துபோன கமிட்டி இரண்டு நிபந்தனைகளை வைத்தது. மரம் ஏறுகிறவன் பேரில் விபத்து பாலிசி இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் என்று ஒரு சர்டிபிகேட்டும் இருக்க வேண்டும்.

"சர்டிபிகேட்டு!" என்று சத்தியநாதன் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தான். "பஸ்ஸு ஓட்றவனுக்கு லைசென்ஸ் கீது. கரண்டு கம்பி மாட்றவனுக்கு லைசென்ஸ் கீது. எனுக்கு யாரு சார் குடுப்பா? மரமா குடுக்கும்?"

"அதான் இன்னிக்கு மத்தியானம் ஓவர்சியர் வரார் இல்லையா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "கமிட்டி மெம்பர் அவர். உம்மை ஒரு மரத்துல ஏறச் சொல்லிப் பார்த்துட்டு அவரே எழுதித் தரப் போறார். அதுக்கு முன்னாடி நம்ம டாக்டர் பரிசோதனை. மரம் ஏறற ஆள்னு சொன்னதும் கம்பெனியில டாக்டர் சர்டிபிகேட் இல்லாம முடியாதுன்னுட்டா."

பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"தொழில்... சில பேர் மர வியாபாரின்னு போடுங்கோம்பா. பிரீமியம் குறையும். நான் போட மாட்டேன். மரம் ஏறி வெட்டுபவர். அப்படியே போடறேன்."

"போடுங்க சார். அது இன்னா திருட்டுத் தொழிலா?"

"சத்தியநாதன், நன்னா கேட்டுக்கோங்கோ. அம்மா, நீங்களும் கேளுங்கோ." கண்ணாடிக்கு மேலாக அவர் இருவரையும் பார்த்தார். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்காரன் முதல்ல தேடறது பொய்யைத்தான். எழுதினதுல ஒரு வரி பொய்யா இருந்தா மொத்தமும் போச்சு. உண்மையா இருந்தா அவனால தப்பிச்சுக்க முடியாது. அதனால டாக்டர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும்."

தபீதாள் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பித்தானைப் போடுவதில் மும்முரமாக இருந்தான்.

* * *

டாக்டர் வேதசிரோமணியின் ஆஸ்பத்திரி மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது. பெஞ்சு நிறைய நோயாளிகள். உள்ளே ஒரு பிரசவம் வேறு. அந்தப் பெண்ணின் முனகல் திரைக்குப் பின்னாலிருந்து விட்டுவிட்டுக் கேட்டது.

டாக்டர் சத்தியநாதனின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். தூரத்துச் சுவரில் இருந்த எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார்.

"ஸ்ட்ராங்கான உடம்பு. வலிப்பு உண்டா?"

"இல்லீங்க."

"மயக்கம், தலைசுத்தல்?"

"இல்லீங்க டாக்டர்."

பதில் உடனே வந்தது. கொஞ்சம் அதிக வேகமாகவே வந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தபீதாள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வீட்ல எப்பவாவது மயக்கம் கியக்கம்னு விழுந்திருக்காரா?"

பெஞ்சுக்கு அடியில் கணவனின் கால் அவள் காலை அழுத்தியது. மிரட்டவில்லை. கெஞ்சியது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"இல்லைங்க டாக்டர்."

டாக்டர் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தார். ஏஜென்ட் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் சத்தியநாதன் பீடி பற்றவைத்தான். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது.

"நீ வூட்டுக்குப் போ. நம்ம பொண்ணுங்க ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரத்துக்கு நாங்க வந்துடுவோம்."

"ஏங்க, இன்னிக்கு வேணாமே. உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"இன்னிக்கு வுட்டா அடுத்த வாரம் வேற எவனாவது வந்து நிப்பான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரே ஒரு தபா ஏறணும் தபீதா. ஒரே ஒரு தபா. அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

அதற்கப்புறம் என்ன பார்த்துக்கொள்வான் என்று அவளுக்குப் புரியவில்லை. சுந்தர்சிங் கைவண்டியில் கயிற்றுச் சுருளும் ரம்பமும் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தான். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிழக்கே போனார்கள்.

தபீதாள் பெருங்களத்தூர் பக்கம் நடந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போயின. அவள் காதில் ஏஜென்ட் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு வரி பொய்யா இருந்தா மொத்தமும் போச்சு.

அந்த ஒரு வரியை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

இனி அவன் விழுந்தால் பாலிசி வெறும் காகிதம். அவளும் ஒரு கேட்டின் எதிரில் பிணத்தோடு உட்கார வேண்டியதுதான். அதுகூடப் போகட்டும். பணம் வந்தால் மட்டும் என்ன? விழுந்தவன் எழுந்து வருவானா? பாலிசி கிடைக்கட்டும் என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்தானே அவனை இப்போது மரத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது?

அப்படியே திரும்பினாள். முதலில் வேகமாக நடந்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

* * *

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன்."

வேதசிரோமணி கையைத் துடைத்துக்கொண்டே திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். மூச்சிரைக்க அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"மயங்கி விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தார்?"

"மேல் கிளைக்குக் கயிறு போடறதுக்கு அண்ணாந்து பார்த்தாருங்க."

"காதுல ஏதாவது சத்தம் கேக்குதுன்னு சொல்வாரா?"

தபீதாள் யோசித்தாள். கொஞ்ச நாளாகவே படுத்திருக்கும்போது அவன் வலது காதில் விரலை விட்டுக் குடைவான். "ரயிலு போவுதா தபீதா?" என்று கேட்பான். எந்த ரயிலும் போயிருக்காது. வேலை அலுப்பு என்று அவள் விட்டுவிட்டாள்.

அதைச் சொன்னதும் டாக்டர் மேஜையிலிருந்த உறையைக் கிழித்து, தான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார்.

"உள்காதுல கோளாறு மாதிரி தெரியுது. டெஸ்ட் பண்ணாம நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா அது இருந்துதுன்னா, தலையை அண்ணாந்தாலே உலகம் சுத்தும். தரையில நின்னாலே விழுவாங்க. மரத்து மேல..." கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப ஏறப் போறார்?"

"இப்பவே டாக்டர். போயிட்டாங்க."

"என்னால கையெழுத்தைத்தான் நிறுத்த முடியும்மா. அவரை நீதான் நிறுத்தணும். பிரசவ கேசை விட்டுட்டு நான் வர முடியாது. ஓடு!"

ஸ்டேஷன் பாலத்தின் படிகளில் அப்போதுதான் வந்த எலெக்ட்ரிக் ரயிலின் கூட்டம் எதிரில் இறங்கிக்கொண்டிருந்தது. தபீதாள் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏறினாள். "இன்னாம்மா, கண்ணு தெரியல?" என்று யாரோ திட்டினார்கள். செருப்பு ஒன்று கழன்றது. மற்றதையும் உதறினாள். கிழக்குப் பக்கம் இறங்கியபோது தார் ரோடு அடுப்பாகச் சுட்டது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. கர்த்தாவே, அவர் இன்னும் ஏறியிருக்கக் கூடாது. இன்னும் கீழேயே நின்று பீடி குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விடுதியின் கேட்டுக்குள் நுழைந்ததும் அவள் மரத்தைத்தான் பார்த்தாள். சேலையூரில் பார்த்ததைவிடப் பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒரு பக்கம் சமையல்கட்டின் ஓட்டுக்கூரை. இன்னொரு பக்கம் மின்சாரக் கம்பி. நடுவில், புயலில் விண்டுபோன பெருங்கிளை ஒன்று கூரைக்கு மேலே சாய்ந்து நின்றது.

கிளை பிரியும் இரண்டாவது கவைக்கு மேலே, இலைகளுக்கு நடுவில், சத்தியநாதனின் காக்கி நிஜார் தெரிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். சட்டென்று ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

"கூப்டாதே அக்கா!" சுந்தர்சிங் அவளை மரத்தடியிலிருந்து பின்னுக்கு இழுத்தான். "மேல கீற ஆள எப்பவுமே கூப்டக் கூடாது. திரும்பிப் பாத்தா தவறிடும். இன்னா ஆச்சு ஒனுக்கு? காலெல்லாம் இன்னா இது?"

அவள் அவன் காதோடு வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சேலையூர், மயக்கம், டாக்டர், காது. சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. பயம்தான் என்று நினைத்தாள். ஆனால் அவன் பார்வை வேறு எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

"அதான் சங்கதியா," என்றான் மெல்ல. "அதான் ஒரு மாசமா என்னை மேல ஏத்திட்டு அவுரு கீழ நின்னாரா?"

"என்னடா சொல்றே?"

"நீ நொந்துக்குவேன்னுதான் சொல்லலக்கா. சேலையூர் வேலைக்கு அப்பறம் எல்லா மரமும் நான்தான் ஏறினேன். திருமுடிவாக்கத்துல, சிங்கப்பெருமாள் கோவில்ல, எல்லாம். 'நீயும் தொழில் கத்துக்க வேணாமாடா'ன்னாரு. நானும் நம்பிட்டேன்."

தபீதாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் கணவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று முழங்காலில் நின்றாளே, அத்தனை நாளும் மேலே இருந்தவன் இவன். அவளுக்குத் தெரியாமலே அவள் ஒருவனுக்காகப் பயந்து இன்னொருவனைத் தொலைத்திருப்பாள்.

"என்னய்யா நின்னுட்டே?" என்று ஓவர்சியர் குடையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

சத்தியநாதன் மேல் கவைக்குக் கயிறு வீச ஒரு கையை உயர்த்தியிருந்தான். தலை அண்ணாந்திருந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. பிறகு அது இருட்டில் சுவரைத் தேடுகிறவன் கை போலக் காற்றில் துழாவியது. கயிற்றுச் சுருள் நழுவிக் கிளை கிளையாக அடித்துக்கொண்டு கீழே வந்து விழுந்தது. இடுப்புக் கயிற்றை அவன் இன்னும் மேல்கிளையில் கட்டியிருக்கவில்லை.

அவன் இரண்டு கைகளாலும் கிளையைக் கட்டிக்கொண்டான். கன்னத்தைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"சார், தயவுசெஞ்சு கத்தாதீங்க," என்றாள் சர்ச்சில் தபீதாளுக்குப் பழக்கமான விடுதி வார்டன் ஹில்டா. அவளுக்கு விஷயம் தெரியாது. ஆனால் தபீதாளின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்துவிட்டது.

சுந்தர்சிங் விழுந்த கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான். மறுமுனையை எடுத்துப் பக்கத்தில் நின்ற வேப்ப மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி அக்காவின் கையில் கொடுத்தான்.

"நான் ஏற ஏற தளர்த்து. அவுர கட்டினதும் ஒரு சத்தம் குடுப்பேன். அப்ப இறுக்கிப் புடி. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா வுடு. மரம் பாரத்தைத் தாங்கிக்கும். ஆனா கைய மட்டும் எடுத்துடாதே. எடுத்தா அவ்ளோதான்."

"சுந்தர், நீ வேணாம். வேற யாராவது..."

"வேற யாரு கீறாங்க சொல்லு?"

வாட்ச்மேன் கிழவர், குடையோடு ஓவர்சியர், ஹில்டா. வேறு யாரும் இல்லை. தபீதாள் கயிற்றைப் பற்றிக்கொண்டாள்.

அவன் ஏறுவதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது அவளுக்குப் பெருமையாக இல்லை. இந்தப் பழக்கம் ஒருநாளில் வந்ததில்லையே.

சுந்தர்சிங் மச்சானைத் தாண்டி மேலே போய்க் கயிற்றை மேல் கவையில் போட்டான். தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். இப்போது மேலே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் கட்டு இல்லை. அவள் மூச்சு விடவே பயந்தாள். தான் மூச்சு விட்டால் அந்தக் கிளை அசைந்துவிடும் என்று தோன்றியது.

"மச்சான், கண்ணத் தொறக்காதே. நான்தான். இடுப்ப மட்டும் கொஞ்சம் தூக்கு."

அவன் கட்டுகிற நேரம் முடியவே இல்லை. விண்டுபோன பெருங்கிளை எங்கோ உள்ளே முனகியது.

"அக்கா, புடி!"

கயிறு விறைத்தது. சத்தியநாதனின் கைகள் கிளையை விட்டன. அவன் முழு எடையும் வேப்ப மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் இறங்கியது. ஹில்டா ஓடிவந்து அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா தபீதா. மெதுவா. நான் இருக்கேன்."

அவள் விட்டாள். ஒரு முழம். இன்னொரு முழம். காற்று அடித்தது. சத்தியநாதன் மின்சாரக் கம்பியின் பக்கமாகச் சுழன்றான். அவன் கால் கம்பிக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. மேலிருந்து சுந்தர்சிங் ஒரு கிளையில் படுத்துக்கொண்டு, காலால் கயிற்றை எட்டி உதைத்து இந்தப் பக்கம் தள்ளினான். கயிறு கைக்குள் ஓடியது. உள்ளங்கை தீயாக எரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

சத்தியநாதனின் பாதம் தரையைத் தொட்டது. அவன் சரிந்து, புல்லில் ஒருக்களித்துக் காலையில் தின்ற இட்லியையெல்லாம் வாந்தியெடுத்தான்.

* * *

"இந்த ஆளுக்கு நான் சர்டிபிகேட் எழுத முடியாது," என்றார் ஓவர்சியர். சொல்லிவிட்டு மேலே பார்த்தார். "ஆமா, அவன் யாரு?"

சுந்தர்சிங் இறங்கவில்லை. கயிற்றை மேலே இழுத்துக்கொண்டான். தன்னை ஒரு கிளையில் கட்டிக்கொண்டு, விண்ட பெருங்கிளையின் நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க ஆரம்பித்தான். வாட்ச்மேன் கிழவர் கீழே பிடித்துக்கொண்டார். ஓட்டுக்கூரையில் ஓர் ஓடுகூட உடையவில்லை. ஓவர்சியர் குடையை மடக்கிவிட்டுக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்கு வேணும்னா எழுதித் தரேன்," என்று கடைசியில் மேலே பார்த்துச் சொன்னார்.

தபீதாள் கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஹில்டா கொடுத்த தண்ணீரால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"சுந்தர ஏத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"எனுக்கு பயம் வந்துட்ச்சு தபீதா. மரத்தடிக்குப் போனாலே நெஞ்சு அட்ச்சிக்குது. சின்ன வயசுலேர்ந்து ஏறிகினு இருந்தவன் நான். பயமா கீதுன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது? பைபிள் மேல கை வெச்சதும் ஞாபகம் இருந்துச்சு. தெனம் ஞாபகம் இருந்துச்சு."

கோபப்பட வேண்டும் என்று அவள் நினைத்தாள். கோபம் வந்தது. அவன் கண்ணோரம் வழிந்த நீரைத் துடைத்த கையும் நிற்கவில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்ரீநிவாசராகவன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். டாக்டர் கோடு போட்ட தாள் அவர் பையில் இருந்தது. தபீதாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"டாக்டர் சொன்னார். நீங்க பண்ணினது பெரிய காரியம்மா. சத்தியநாதன், நாளைக்குக் காலம்பர உம்மைச் செங்கல்பட்டுக்கு அழைச்சுண்டு போகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில காதைப் பார்க்கணுமாம். ஒருவேளை சரியாகலாம். ஆகாமலும் போகலாம்னார்."

மரத்திலிருந்து குதித்து இறங்கிய சுந்தர்சிங், உடம்பெல்லாம் மரத்தூளோடு அவர் எதிரில் வந்து நின்றான்.

"அப்ப என் பேர்ல எழுதுங்க சார்."

"சுந்தர்!" என்றாள் தபீதாள்.

"வேற இன்னா வழி அக்கா? ஓவர்சியர் சார் எழுதித் தரேன்னுட்டாரு. மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போறாரு. வூட்ல அடுப்பு எரிய வேணாமா? ஒரு மாசமா பாலிசி இல்லாம ஏறினேன். இனிமே பாலிசியோட ஏறப் போறேன். நல்லதுதானே?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்குக் கமிட்டி கூடுது," என்று ஹில்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அதுக்குள்ள ஒரு பேர் கொடுத்தாகணும் தபீதா. இல்லன்னா அவங்க பட்டணத்துலேர்ந்து ஆள் கூட்டி வரப்போறாங்க."

விடுதி வராந்தாவில் கிடந்த மேஜையில் ஸ்ரீநிவாசராகவன் புதுத் தாளை விரித்தார். பெயர் எழுதினார். வயது எழுதினார். தொழில் என்ற இடத்தில் மரம் ஏறி வெட்டுபவர் என்று எழுதினார். தபீதாள் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்திருந்தாள்.

"கல்யாணம் ஆயிடுத்தா?"

"இல்ல சார்."

"அப்போ உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, பணம் யாருக்குப் போகணும்?"

சுந்தர்சிங் யோசிக்கவே இல்லை.

"அக்காவுக்குத்தான். தபீதாள்னு போடுங்க."

பேனா தாளில் இறங்கியது. 'த' எழுத்தின் முதல் கோட்டை இழுத்தது.

தபீதாள் பாய்ந்து வந்து இரண்டு உள்ளங்கைகளையும் தாளின் மேல் வைத்து அழுத்தினாள். தோலுரிந்த கையிலிருந்து ரத்தம் எழுத்தின் மேல் பரவியது.

"எழுதாதீங்க சார். என் பேரை எழுதாதீங்க."

"அம்மா, இது வெறும் முறைக்குத்தான்..."

"அக்கா, கையை எடு," என்றான் சுந்தர்சிங்.

அவள் எடுக்கவில்லை.